கேம்பஸ் கிடைத்தது, மேஜர் கிடைத்ததா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்டில் இருக்கிறீர்கள். ஹெச்-1பி வேலை விசா, கிரீன் கார்டு வரிசையில் 2015இல் இடம் பிடித்திருக்கிறீர்கள். மகள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள். கணினி அறிவியல் கேட்டு விண்ணப்பித்ததில் பெர்க்லியும் யூ.சி.எல்.ஏ.வும் இல்லை என்றுவிட்டன. யூ.சி. (கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம்) சான் டியேகோ இடம் தந்திருக்கிறது, ஆனால் கேட்ட மேஜர், அதாவது முதன்மைப் பாடம், இல்லை. ‘அன்டிக்ளேர்ட்’, பாடம் இன்னும் முடிவாகாத நிலை. யூ.சி. டேவிஸ் கணினி அறிவியலிலேயே இடம் தந்திருக்கிறது. சான் ஹொசே ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் கணினி அறிவியல்தான். மே 1க்குள் ஒன்றுக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். ‘பேர் பெரியது சான் டியேகோவுக்குத்தான், அதில் சேர்த்துவிட்டு உள்ளே போனபின் மேஜரை மாற்றிக்கொண்டால் போதாதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் இளையவன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான் என்பதை ஓரமாக ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் கண்ணில் பட்டது. நீங்கள் கேட்பது மூன்று கல்லூரிகளைப் பற்றி மட்டும் இல்லை. பெரிய பேரை விட்டுவிட்டால் மகளுக்குக் குறை வைத்தவன் ஆகிவிடுவேனோ, பேரைப் பிடித்துக்கொண்டால் சின்னவனுக்கு இல்லாமல் போய்விடுமோ என்றும் கேட்கிறீர்கள்.

நான் ஈஸ்ட் பே பகுதியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பதினாறு ஆண்டுகளாக மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலராக வேலை பார்க்கிறேன். ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் என் அறைக்கு வெளியே நாற்காலி போதாது. அதில் பாதிப் பேர் நம் ஊர்ப் பெற்றோர். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. ஆனால் உங்கள் மகளை நான் பார்த்ததில்லை, அவளுடைய மதிப்பெண் பட்டியலையும் பார்த்ததில்லை. குடிவரவுச் சட்டம் என் துறையும் இல்லை. அந்த இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

முதலில் எனக்குச் சந்தேகமே இல்லாத விஷயம். கலிஃபோர்னியாவில் கேம்பஸில் இடம் கிடைப்பது வேறு, மேஜரில் இடம் கிடைப்பது வேறு. ‘அமெரிக்காவில் மேஜரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்’ என்று நம்மவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வரலாறு, சமூகவியல், ஆங்கிலம் போன்ற பல பாடங்களுக்கு அது உண்மை. கணினி அறிவியலுக்கும் பொறியியலுக்கும் பெரும்பாலான யூ.சி. கேம்பஸ்களில் உண்மை இல்லை. அங்கே முதல் நாளே அந்த மேஜரில் சேர்ந்தவர்களுக்கே இடம் இறுக்கமாக இருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே வர நினைப்பவர்களுக்கு மிச்சமிருக்கும் கொஞ்ச இடத்துக்குப் போட்டி நடக்கும். சான் டியேகோ இவற்றைத் தெரிவுக்கு உட்பட்ட மேஜர்கள் என்று தனியாகவே வகைப்படுத்தி வைத்திருக்கிறது. குறிப்பிட்ட பாடங்களை முடித்து, மதிப்பெண்ணோடு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தால் கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங்கில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அங்கே கல்லூரியும் பிராஞ்சும் சேர்த்தே ஒரு சாய்ஸ். கிண்டி கிடைக்கிறதே என்று வேண்டாத பிராஞ்சை எடுத்தவர், மறு வருடம் கம்ப்யூட்டருக்குத் தாவிவிடலாம் என்று நம்பி எடுக்கமாட்டார். இங்கே வந்தபிறகுதான் அந்த எச்சரிக்கை நமக்குத் தளர்ந்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். கேம்பஸ் பேர் வேண்டாம். இதே மாதிரி நிலைமை: ஒரு பக்கம் பெரிய பேர், மேஜர் இல்லை, மறு பக்கம் கொஞ்சம் சின்னப் பேர், மேஜர் கையில். அவன் அப்பா பெரிய பேரைச் சொன்னார், நானும் அழுத்தமாகத் தடுக்கவில்லை. முதல் ஆண்டு முழுக்க அந்தப் பையன் பாடம் படித்ததைவிட ஜி.பி.ஏ. என்ற சராசரி மதிப்பெண்ணைக் காவல் காத்ததுதான் அதிகம். ஒரு பி-ப்ளஸ் வந்தால் அம்மாவுக்கு ஃபோன் போட்டு அழுவான். பிடித்த வகுப்பு எதையும் எடுக்கவில்லை, மதிப்பெண் குறைந்துவிடுமோ என்று. இரண்டு முறை விண்ணப்பித்தும் இடம் கிடைக்கவில்லை. கடைசியில் புள்ளியியல் முடித்தான், இப்போது நல்ல வேலையில்தான் இருக்கிறான். ஆனால் ஒருநாள் என்னைப் பார்க்க வந்தபோது, ‘அந்த ரெண்டு வருஷம் நான் காலேஜில் இருந்த மாதிரியே இல்லை மிஸ், வாசல்ல நின்ன மாதிரி இருந்தது’ என்றான். அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் நான் குரலை உயர்த்தியே பேசுகிறேன்.

இதை வைத்துச் சான் டியேகோ வேண்டவே வேண்டாம் என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் மகளுக்குக் கணினி அறிவியல்மேல் இருக்கும் பிடிப்பு எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பதினேழு வயதில் நம் வீடுகளில் அந்தப் பாடத்தைக் கேட்காத பிள்ளை அரிது. அது அவளுடைய விருப்பமா, வீட்டுக் காற்றா என்று அவளுக்கே தெரியாமல் இருக்கலாம். ஒரு வழி சொல்கிறேன். யூ.சி. விண்ணப்பத்தில் எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் 350 வார்த்தைக்குள் பதில் எழுதியிருப்பாள். அந்த நான்கையும் அவளிடம் கேட்டு வாங்கி, அவள் சம்மதத்தோடு நிதானமாக வாசியுங்கள். போன ஆண்டு ஒரு பெண்ணின் பதில்களை இப்படி வாசித்தோம். நான்கில் மூன்று, அவள் பாட்டியின் மறதி நோயைச் சுற்றியே இருந்தன. கோடிங் என்ற சொல் ஒரே இடத்தில், அதுவும் ஒட்டவைத்த மாதிரி. அப்படிப்பட்ட பெண்ணுக்குச் சான் டியேகோவைவிடப் பொருத்தமான இடம் அமையாது. உலகிலேயே முதல் அறிதிறன் அறிவியல் துறை 1986இல் அங்கேதான் தொடங்கியது. மூளை, மொழி, கணினி மூன்றும் சந்திக்கும் படிப்பு அது. உயிரியலிலும் கடலியலிலும் அந்தக் கேம்பஸ் மிகப் பலமானது. ‘கணினி அறிவியல் கிடைக்காமலே போனாலும் இங்கே நான்கு ஆண்டு சந்தோஷமாகப் படிப்பேன்’ என்று அவள் மனசறிந்து சொன்னால் சான் டியேகோ நல்ல தேர்வு. அப்படிச் சொல்ல முடியாவிட்டால் அது சூதாட்டம்.

சான் டியேகோவில் இன்னொரு சங்கதி பலருக்குச் சேர்ந்தபிறகுதான் தெரியும். அந்தக் கேம்பஸுக்குள்ளேயே எட்டுக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பொதுப் பாடத் திட்டம் வேறு. ரெவெல் கல்லூரியில் இலக்கியம், தத்துவம், வரலாறு சேர்ந்த ஹியூமானிட்டீஸ் வரிசை, மொழி, கணிதம், அறிவியல் என்று சுமை அதிகம். மியூரில் கொஞ்சம் விட்டுப் பிடிப்பார்கள். எலினர் ரூஸ்வெல்ட் கல்லூரியில் உலக வரலாற்றைத் தொடர் வகுப்புகளாகப் படித்தே ஆக வேண்டும். உங்கள் மகளுக்கு எந்தக் கல்லூரி ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அட்மிஷன் கடிதத்தில் இருக்கும். மேஜருக்கான முன்பாடங்களையும் முடித்துக்கொண்டு, இதையும் முடித்து, நான்கு ஆண்டில் வெளியே வர முடியுமா என்று ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ரேங்க். யூ.எஸ். நியூஸ் பட்டியலைத்தான் எல்லோரும் கையில் வைத்திருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் அவர்கள் கணக்குப் போடும் முறையை மாற்றினார்கள். வகுப்பின் அளவு, பழைய மாணவர்களின் நன்கொடை போன்றவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள் பட்டம் பெறுவதற்குக் கூடுதல் எடை கொடுத்தார்கள். அந்த ஒரே பட்டியலில் டேவிஸ் 38ஆம் இடத்திலிருந்து 28க்கு ஏறிச் சான் டியேகோவோடு ஒரே படியில் நின்றது. டேவிஸில் ஒரு கட்டடம்கூட இடம் மாறவில்லை, அதே பேராசிரியர்கள், அதே வகுப்புகள். மறு ஆண்டு மறுபடி சில படிகள் இறங்கியது. மூன்று நான்கு படி வித்தியாசத்தை வைத்துப் பிள்ளையின் நான்கு ஆண்டைத் தீர்மானிக்க அந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லை. சான் ஹொசே ஸ்டேட்டை அந்தப் பட்டியலில் தேடிக் காணாமல் பயந்துபோனவர்களும் உண்டு. அது வேறு பட்டியலில், மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்கள் என்ற வரிசையில் வருகிறது. முனைவர் பட்ட ஆய்வுகளைப் பெரிய அளவில் நடத்தும் இடங்களை மட்டுமே முதல் பட்டியலில் வைக்கிறார்கள்.

‘ஸ்டேட் யூனிவர்சிட்டி’ என்ற பேரே நம் காதில் ஒரு படி கீழாக விழுகிறது. இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அந்தக் கூச்சம் கொஞ்சம் போகும். 1960இல் கலிஃபோர்னியா ஓர் உயர்கல்வித் திட்டம் போட்டது. மாநிலத்தின் பள்ளி முடிக்கும் பிள்ளைகளில் மேல் எட்டில் ஒரு பங்குக்கு யூ.சி., மேல் மூன்றில் ஒரு பங்குக்கு ஸ்டேட் கல்லூரிகள், மற்ற எல்லோருக்கும் கதவு திறந்த இரண்டாண்டுக் கம்யூனிட்டி காலேஜ் என்று பிரித்தார்கள். ஆய்வும் முனைவர் பட்டமும் யூ.சி.யின் வேலை, பட்டப்படிப்புக் கற்பிப்பதும் வேலைக்குத் தயார்செய்வதும் ஸ்டேட்டின் வேலை என்று வைத்தார்கள். அதனால் யூ.சி.யில் முதல் ஆண்டு வகுப்பில் முந்நூறு பேரோடு உட்காரலாம், பேராசிரியர் பேர் பெற்ற ஆய்வாளராக இருக்கலாம், முயன்றால் அவருடைய ஆய்வகத்திலும் நுழையலாம். ஸ்டேட்டில் வகுப்பு பெரும்பாலும் சிறியது, ஆசிரியரின் முதல் வேலை பாடம் நடத்துவது. பி.எச்டி. பக்கம் சாய்கிற பிள்ளைக்கு முதலாவது பலம். பட்டம் முடித்ததும் வேலை என்று நினைக்கிற பிள்ளைக்கு இரண்டாவது எந்த விதத்திலும் குறைவில்லை. சான் ஹொசே ஸ்டேட் 1857இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது, ஊரின் நடுவில் இருக்கிறது. நகராட்சியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் எட்டு மாடி நூலகத்தில் ஒரு மாலை போய் உட்கார்ந்து பாருங்கள். பகல் வேலையிலிருந்து நேரே வந்து படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று தெரியும். இந்த வட்டாரக் கம்பெனிகளில் அங்கே படித்தவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

அந்த இடத்தின் குறையையும் மறைக்கக்கூடாது. ஸ்டேட் கேம்பஸ்களில் நான்கே ஆண்டில் முடிப்பவர்கள் யூ.சி.யைவிட நன்றாகவே குறைவு. 2025க்குள் நான்காண்டில் முடிப்பவர்களை 40 சதவீதமாக்க வேண்டும் என்று அந்த அமைப்பே இலக்கு வைத்தது, அதைக்கூட எட்டவில்லை. பலர் வேலை பார்த்துக்கொண்டே படிப்பதும் குறைவான பாடம் எடுப்பதும் ஒரு காரணம். வேண்டிய வகுப்பில் அந்தச் செமஸ்டர் இடம் கிடைக்காமல் போவது இன்னொன்று. பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடக்கும் ஏ.பி. பாடங்கள் முடித்து, முழுநேரம் படிக்கிற பிள்ளை நான்கு ஆண்டில் தாராளமாக முடிக்கலாம், என் மாணவர்கள் முடித்திருக்கிறார்கள். ஆனால் பதிவு நாள் காலையில் தூங்கிவிட்டால் அங்கே யாரும் எழுப்பமாட்டார்கள்.

பணத்துக்கு வருவோம். 2025-26இல் யூ.சி.யில் மாநிலத்தவருக்குப் படிப்புக் கட்டணம் ஏறக்குறைய 15 ஆயிரம் டாலர். தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு, புத்தகம் எல்லாம் சேர்ந்தால் ஆண்டுக்கு 40 ஆயிரத்தைத் தாண்டும், சான் டியேகோவில் வாடகை உங்களுக்கே தெரியும். ஒரு நல்ல விஷயம், 2022இலிருந்து யூ.சி. ஒரு முறை வைத்திருக்கிறது. ஒரு பிள்ளை சேரும் ஆண்டின் படிப்புக் கட்டணம் ஆறு ஆண்டு வரை அந்தப் பிள்ளைக்கு ஏறாது. ஸ்டேட்டில் அதே ஆண்டு 6,450 டாலர், கேம்பஸ் கட்டணம் தனி. அது குறைவுதான், ஆனால் 2024-25 தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 6 சதவீதம் ஏற்றுவதாக முடிவெடுத்திருக்கிறார்கள், அந்த ஏற்றத்தைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஃப்ரீமான்டிலிருந்து பார்ட் ரயில் ஏறினால் பெர்ரியெஸ்ஸாவில் இறங்கி அங்கிருந்து பஸ்ஸில் போய்விடலாம் என்பதால் வீட்டிலிருந்தே படிக்கலாம். அப்படியானால் நான்கு ஆண்டுக்கு யூ.சி.க்கும் சான் ஹொசேக்கும் நடுவில் ஒரு லட்சம் டாலருக்குக் குறையாமல் வித்தியாசம் வரும். சின்னவனின் படிப்பில் பெரும்பகுதி அது. டேவிஸுக்கும் சான் டியேகோவுக்கும் நடுவில் அப்படி ஒரு வித்தியாசம் இல்லை, அங்கே பணத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

வீட்டிலிருந்து போய்வருவதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் அம்மாக்களுக்கு அது பெரிய நிம்மதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளை வகுப்பு முடிந்ததும் ரயிலைப் பிடிக்க ஓடினால் கல்லூரியில் பாதிதான் கிடைக்கும். மாலை நேரக் கிளப்பும், இரவு பத்து மணிக்கு நாலு பேர் சேர்ந்து முடிக்கிற ப்ராஜெக்டும் அவளுக்கு இருக்காது. பணம் இடம் கொடுத்தால் முதல் ஆண்டு மட்டுமாவது விடுதியில் விடுங்கள்.

இப்போது விசா. இதை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஹெச்-1பி வைத்திருப்பவரின் பிள்ளைக்குத் தரும் ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளை கலிஃபோர்னியாவில் மாநிலத்தவர் கட்டணத்துக்குத் தகுதி பெறலாம், அதற்கு அந்த விசா தடை இல்லை. ஆனால் மத்திய அரசின் நிதி உதவி கிடையாது. வேலை செய்யவும் அனுமதி இல்லை. கேம்பஸ் நூலகத்தில் மணிக்கணக்கு வேலையும் முடியாது, கோடையில் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப்பும் முடியாது. கணினி அறிவியலில் மூன்றாம் ஆண்டுக் கோடை இன்டர்ன்ஷிப்தான் பலருக்கு முதல் வேலைக்கான கதவு. சான் ஹொசேயின் பெரிய பலமே பக்கத்தில் இருக்கும் கம்பெனிகள். ஹெச்-4இல் இருந்துகொண்டு அந்தப் பலத்தை அவளால் தொட முடியாது. 21 வயது ஆனதும் ஹெச்-4 முடிந்துவிடும், பெரும்பாலும் கடைசி ஆண்டு நடுவில். அதனால் பலர் முன்கூட்டியே எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுகிறார்கள். அதில் படிப்போடு சேர்ந்த பயிற்சி வேலைக்கும், பட்டத்துக்குப் பிறகு 12 மாதமும், அறிவியல் தொழில்நுட்பப் பட்டமானால் கூடுதலாக 24 மாதமும் வேலைக்கு வழி உண்டு. ஆனால் விசா மாறும்போது கட்டண நிலையும் திரும்பப் பார்க்கப்படலாம். வெளி மாநிலத்தவர் என்று ஆகிவிட்டால் யூ.சி.யில் கூடுதல் கட்டணம் மட்டும் 2025-26இல் ஆண்டுக்கு 37 ஆயிரம் டாலருக்கு மேல். இதை யாரும் வாய்வார்த்தையாகச் சொல்லி நீங்கள் நம்பக்கூடாது, என்னையும் சேர்த்துத்தான். ஒவ்வொரு கேம்பஸிலும், யார் மாநிலத்தவர் என்று பார்க்கும் ரெசிடென்சி அதிகாரி ஒருவர் இருக்கிறார். ‘என் மகள் இப்போது ஹெச்-4, கலிஃபோர்னியாவில் இத்தனை ஆண்டு உயர்நிலைப் பள்ளி படித்தவள், இரண்டாம் ஆண்டில் எஃப்-1க்கு மாறினால் அவளுடைய கட்டண வகை என்னவாகும்?’ என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். எப்போது மாறுவது, கிரீன் கார்டு விண்ணப்பத்தை அது பாதிக்குமா என்பதைக் குடிவரவு வழக்கறிஞரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள். மூன்று கேம்பஸிலிருந்தும் வரும் பதில் ஒரே மாதிரி இல்லை என்றால், மேலே சொன்ன பணக் கணக்கே புரண்டுவிடும்.

டேவிஸைப் பற்றி இதுவரை குறைவாகத்தான் சொல்லியிருக்கிறேன். 1908இல் பெர்க்லியின் விவசாயப் பண்ணையாகத் தொடங்கி, 1959இல் தனிக் கேம்பஸ் ஆனது. மாட்டுக் கொட்டகை இன்னும் கேம்பஸுக்குள்ளேயே இருக்கிறது, காற்று அந்தப் பக்கம் அடித்தால் வாசனையும் வரும். ஊரே சைக்கிளில் போகிறது. லண்டனில் ஓடிய இரட்டை மாடிப் பேருந்துகளை 1968இல் வாங்கி ஓட்டத் தொடங்கினார்கள், இன்றும் அந்தப் பேருந்துச் சேவையை மாணவர்களே ஓட்டுகிறார்கள். வெயில் கடுமை, கடற்கரை கிடையாது. சான் டியேகோவைப் பார்த்துவிட்டு டேவிஸ் போகிற பிள்ளைகள் முகம் சுருங்கித்தான் வரும். ஆனால் முதன்முதலாக வீட்டை விட்டுப் போகும் பிள்ளைக்கு அதைவிடப் பாதுகாப்பான, பழகுவதற்கு எளிதான ஊரை நான் இந்த மாநிலத்தில் அதிகம் பார்த்ததில்லை. உங்கள் ஊர் சென்டர்வில் நிலையத்தில் கேப்பிட்டல் காரிடார் ரயில் ஏறினால் நேரே டேவிஸில் இறங்கலாம். தீபாவளிக்கு வீட்டுக்கு வர விமானம் பார்க்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை, டேவிஸ், சான் டியேகோ இரண்டுமே குவார்ட்டர் முறை. பத்து வாரத்தில் ஒரு பாடம் முடிந்துவிடும், மூன்றாவது நான்காவது வாரத்திலேயே முதல் மிட்டெர்ம். பள்ளியில் கடைசி வாரம் படித்தே ஏ வாங்கிய பிள்ளைகள் முதல் குவார்ட்டரில் அடி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். டிசம்பரில் மதிப்பெண் குறைந்து வந்தால் திட்டாதீர்கள், பெரும்பாலும் இரண்டாவது குவார்ட்டரில் நிமிர்ந்துவிடுவார்கள். சான் ஹொசே செமஸ்டர் முறை, மூச்சுவிடக் கொஞ்சம் நேரம் இருக்கும்.

இனி எனக்கு உறுதியாகச் சொல்ல முடியாதவை. பெரிய பேர் வாழ்நாள் சம்பளத்தைக் கூட்டுமா? இரண்டு பொருளாதார அறிஞர்கள், ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர், 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே தரத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து ஒரே மாதிரி இடம் பெற்றவர்களில், பெரிய பேருள்ள இடத்துக்குப் போனவர்களும் போகாதவர்களும் பின்னாளில் ஏறக்குறைய ஒரே அளவு சம்பாதித்தார்கள் என்பது அதன் சாரம். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பேர் நன்றாகவே உதவியது. ஆனால் அவர்கள் பார்த்தது 1976இல் கல்லூரியில் சேர்ந்தவர்களை, கணினி அறிவியலைத் தனியாகவும் பார்க்கவில்லை. அதனால் ஒரு அளவுக்குமேல் அதன்மேல் பாரம் ஏற்றமாட்டேன். நான் பார்த்த வரையில் டேவிஸுக்கும் சான் டியேகோவுக்கும் நடுவில் பேரால் மட்டும் வேலை தவறிய பிள்ளை யாரும் இல்லை. யூ.சி.க்கும் சான் ஹொசேக்கும் நடுவில், முதல் வேலைக்கு வெளி மாநிலக் கம்பெனிகளில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம், இந்த வட்டாரத்தில் அது எனக்குத் தெரியவில்லை. நான்கு ஆண்டு கழித்துக் கணினி வேலைச் சந்தை எப்படி இருக்கும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். இந்தச் சந்தேகமே, வேறு மேஜரிலும் மனசு ஒட்டும் இடமா என்று பார்ப்பதற்கு இன்னொரு காரணம்.

என் பதில் இது. கணினி அறிவியல்தான் வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருந்து, கடன் வாங்காமல் உங்களால் நான்கு ஆண்டும் கட்ட முடியும் என்றால் டேவிஸ். கடன் வாங்கியோ சின்னவனின் சேமிப்பில் கைவைத்தோதான் கட்ட முடியும் என்றால் சான் ஹொசே, தயக்கமே வேண்டாம். சான் டியேகோ, கணினி அறிவியல் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று அவளே சொன்னால் மட்டும். மேஜர் கையில் இல்லாத பிள்ளைகளுக்குக் கம்யூனிட்டி காலேஜ் வழியை நான் அடிக்கடி சொல்வேன். யூனிட் என்ற பாட அலகு ஒன்றுக்கு 46 டாலர்தான், அங்கிருந்து மாறி வர டேவிஸ் உட்பட ஆறு யூ.சி. கேம்பஸ்கள் நிபந்தனையோடு உத்தரவாதமும் தருகின்றன, சில மேஜர்கள் மட்டும் அதில் சேராது. உங்கள் மகளுக்கு மேஜர் இரண்டு இடத்தில் கையில் இருப்பதால் அந்தப் பேச்சு தேவைப்படவில்லை.

மே 1க்கு முன்னால் ஒரு வேலைநாளில் லீவு போட்டு டேவிஸுக்கும், இன்னொரு நாள் சான் ஹொசேக்கும் அவளை அழைத்துப் போங்கள். சனிக்கிழமைச் சுற்றுலா வேண்டாம், அன்று பலூனும் பாட்டும்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கணினித் துறைக் கட்டடத்தில் நின்றால், வகுப்பு முடிந்து வெளியே வரும் பிள்ளைகளைப் பார்க்கலாம். நீங்கள் கொஞ்சம் தள்ளி ஒரு காபிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, அவளைத் தனியாக விடுங்கள். ‘மூன்றாம் ஆண்டுப் பாடங்களில் நினைத்த நேரத்தில் இடம் கிடைத்ததா?’, ‘ஒரு பாடம் புரியாதபோது யாரிடம் போனாய்?’ என்ற இரண்டு கேள்விகளை மட்டும் இரண்டு மூன்று பேரிடம் கேட்கச் சொல்லுங்கள். திரும்பி வரும் வழியில் ரயிலில் அவள் என்ன சொல்கிறாள் என்று பார்த்துவிட்டு, ரெசிடென்சி அதிகாரியின் பதிலும் கையில் வந்தபின் எனக்கு எழுதுங்கள். இரண்டையும் வைத்து மறுபடி கணக்குப் போடலாம்.